சுகர் ட்ரான்ஸ்ஃபரேஸ் அசே: வாசகர் கேள்வி, என் பதில்

சுகர் ட்ரான்ஸ்ஃபரேஸ்னா ஒண்ணுலேருந்து சுகரை எடுத்து இன்னொன்னு மேல ஒட்டுற என்சைம், அசேன்னா அது எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கிற சோதனை. இந்த தடவை வந்த கேள்வியில பாதி மாங்கொட்டை பத்திதான். சீசன் அப்படி. அதுக்கு நடுவுல நீளமா சொல்றேன்.

அகார்போஸை (சுகர் நோய் மாத்திரை) தடுக்கிற கண்ட்ரோலா வெச்சேன் சார், என் ட்ரான்ஸ்ஃபரேஸ் அசேயில தடுக்கவே இல்ல. (பாலக்கோடு)

தடுக்காதும்மா. அகார்போஸ் புடிக்கிறது ஆல்பா குளுக்கோசிடேஸை, அது தண்ணி சேர்த்து சுகரை வெட்டுற என்சைம். உன்னோடது யூடிபி-சுகர்லேருந்து (யூடிபிங்கிற சின்ன மூலக்கூறு சுமக்கிற சுகர்) சுகரை எடுத்து இன்னொன்னு மேல ஒட்டுறது, யூடிபி மட்டும் மிச்சமா வெளிய வரும். நீ வெச்சிருக்கிறது ஓஜிடிங்கிற ட்ரான்ஸ்ஃபரேஸ், அதைத் தடுக்கிற ஓஎஸ்எம்ஐ-1 வாங்கு. என்சைம் பேரை முழுசா படிச்சிட்டு ஆர்டர் போடு.

மாலகைட் க்ரீன் ரீஏஜென்ட் போட்டா என்சைம் போடாத ப்ளாங்க்கே பச்சையாகுது. (ஓசூர்)

பிபிஎஸ்ல, அதாவது பாஸ்பேட் பஃபர்ல, பண்ணேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த ரீஏஜென்ட் பாக்கிறதே பாஸ்பேட்டைத்தானே! பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ், ஹெப்பெஸ் மாதிரி பஃபருக்கு மாறுங்க.

மாங்கொட்டைப் பருப்பு எக்ஸ்ட்ராக்ட் 95% இன்ஹிபிஷன் (என்சைமைத் தடுக்கிறது) காட்டுது. சுகர் நோய்க்கு மருந்துன்னு எழுதலாமா? (காவேரிப்பட்டணம்)

எழுதாதீங்க, தயவுசெஞ்சு எழுதாதீங்க. நம்ம ஊர் கூழ் ஃபேக்டரி கழிக்கிற கொட்டையில ஏதாவது கிடைக்கணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா அந்தப் பருப்பு முழுக்க டானின்ங்கிற துவர்ப்புப் பொருள், டானின் எந்த புரோட்டீன் கிடைச்சாலும் ஒட்டிக்கும், மாங்கனீஸையும் புடிச்சு வெச்சுக்கும், உங்க என்சைமுக்கு அந்த மாங்கனீஸ் இல்லாம யூடிபி-சுகரை புடிக்கவே வராது. போதாததுக்கு நீங்க வெச்சிருக்கிற கிட் யூடிபியை ஏடிபி ஆக்கி அந்த ஏடிபியால ஒளிவிடுற லூசிஃபரேஸ்ங்கிற இன்னொரு என்சைமோட வெளிச்சத்தை அளக்கிறது, எக்ஸ்ட்ராக்ட் அந்த லூசிஃபரேஸை அடிச்சாலும் உங்க என்சைம் நின்ன மாதிரிதான் தெரியும், அந்த பழுப்பு கலரே வெளிச்சத்துல கொஞ்சத்தை முழுங்கிடும். அதனால என்சைமே இல்லாத வெல்லுல (அசே தட்டுல இருக்கிற குழி) யூடிபியை நேரா போட்டு, எக்ஸ்ட்ராக்ட்டோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு பாருங்க. அங்கயும் வெளிச்சம் விழுந்துச்சுன்னா அந்த 95%-ஐ நம்பாதீங்க. விழலன்னா 0.01% ட்ரைட்டான் எக்ஸ்-100 (சோப்பு மாதிரி டிடர்ஜென்ட்) சேர்த்து ஒரு தடவை, மாங்கனீஸை கூட்டி ஒரு தடவை. இன்ஹிபிஷன் காணாம போச்சா, விட்டுடுங்க. நின்னாலும் ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரிச்சு அளக்கிறது) மாதிரி வேற முறையில பார்த்துட்டுதான் வாயைத் திறக்கணும். இந்த மாதிரி ஒரு 95%-ஐ ஃபார்வர்ட்ல படிச்சிட்டு மாத்திரையை நிறுத்தி கொட்டைப் பொடி கலக்கிக் குடிச்ச பெரியவரை எனக்குத் தெரியும், கோபம் அதனாலதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் (பல் சொத்தை பாக்டீரியா) என்சைமுக்கு யூடிபி கிட் போட்டேன், சிக்னலே இல்ல. (அரூர்)

அது சுகரை எடுக்கிறது சுக்ரோஸ்லேருந்து, யூடிபி எங்கேருந்து வரும்? வெளிய வர்ற ஃப்ரக்டோஸை அளங்க. அப்புறம், நம்ம தர்மபுரி போர் தண்ணி ஃப்ளூரைடால பல்லு கறையாகிறது வேற, சொத்தை வேற. உங்க முன்னுரையில ரெண்டும் ஒண்ணா கிடக்கு.

டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கிற திரவம்) எவ்வளவு போகலாம்? (தர்மபுரி)

1% தாண்டாதீங்க. எல்லா வெல்லுக்கும் ஒரே அளவு, என்சைம் இல்லாத வெல்லுக்கும்.

இசட் ப்ரைம் (அசே எவ்வளவு நம்பகம்னு சொல்ற எண்) 0.3 வருது, ஸ்க்ரீனிங் (நிறைய பொருளை வரிசையா சோதிக்கிறது) ஆரம்பிக்கலாமா? (பர்கூர்)

0.5 தாண்டட்டும். முதல்ல என்சைம் இல்லாத வெல்லைப் பாருங்க, அதுவே எகிறியிருந்தா உங்க ஸ்டாக்குல யூடிபி-சுகர் ஏற்கனவே உடைஞ்சு யூடிபி ஆகிக் கிடக்கு. கரண்ட் போய் உருகி மறுபடி உறைஞ்ச ட்யூபை தூக்கிப் போட்டுட்டு புதுசா சின்னச் சின்னதா பிரிச்சு வைங்க. பேக்ரவுண்ட் சரியா இருந்தா ரியாக்ஷன் நேரத்தைக் குறைங்க, யூடிபி-சுகர்ல 10%க்கு மேல தீரக் கூடாது, சேர்ற யூடிபியே என்சைமைத் தடுக்கும்.