டெம்போ கூரை குழிஞ்சது பற்றி

வணக்கம். கனடாவில, கியூபெக் லாவாலில 11க்கு 16 அடி டெம்போ, அதுதான் பனிகாலத்துக்குக் காருக்குப் போடுற துணிக் கராஜ், போட்டனீங்கள், போன பனிக்குக் கூரை தொட்டி மாதிரிக் குழிஞ்சு, காருக்கு மேல தண்ணியும் சொட்டுது எண்டு எழுதியிருந்தீங்கள்.

துணி தளர்ந்திருக்கு. முதல் வேலையா அதை இழுத்துக் கட்டுங்கோ. அந்த அளவுக் கூரையில 10 சென்டிமீட்டர் புதுப்பனியே 150 கிலோ வரும், ஈரப்பனி எண்டால் 2, 3 மடங்கு. அதால விடியும்வரை விடாமல், கொஞ்சமாய் இருக்கேக்கயே தும்புத்தடித் தலையில பழைய துவாயைச் சுத்தி, உள்ளுக்கு நிண்டு கரையில இருந்து மெல்லத் தள்ளுங்கோ, சறுக்கி விழும். நிறையச் சேர்ந்திட்டால் உள்ளுக்குப் போகாதேங்கோ. சவளால சுரண்டவும் வேண்டாம். முதல் வருசம் நான் அப்படித்தான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிச்சனான். அந்தக் குளிருக்கு டேப்பும் ஒட்டேல்லை.

சொட்டுறது அனேகமா ஓட்டை இல்லை. காரோட வந்த பனி உருகி, ஆவியாகித் துணியில பட்டுத் தண்ணியாகுது. மேல இருக்கிற காத்துவாயளைத் திறந்து விடுங்கோ. ஹீட்டர் வைக்காதேங்கோ. காரை உள்ளுக்கு ஸ்டார்ட்டில விடவே கூடாது, கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும்.

ஏப்ரலில கழட்டேக்க ஒவ்வொரு கம்பிக்கும் பெயின்டால நம்பர் போட்டு வையுங்கோ. ஒக்டோபரில திரும்பப் பூட்டேக்க என்னைத் திட்டமாட்டீங்கள்.