பூட்ஸும் சலங்கையும் (கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

மகளை இந்த ஜனவரியில் உயர்நிலை 1-இல் சேர்த்தோம். அவளுக்கு ஆறு வயது ஆனபோதே பரத வகுப்பில் சேர்த்துவிட்டோம். இந்திய நடனக் குழு இருக்கிறது என்பதற்காகவே இந்தப் பள்ளியை விருப்பப் பட்டியலில் மேலே போட்டோம். பாடத்தோடு ஏதாவது ஒரு குழுவிலும் பயிலும் இணைப்பாட நடவடிக்கைக்கான படிவத்தில் முதல் விருப்பம் இந்திய நடனம், இரண்டாவது தமிழ் நாடகம் என்று நிரப்பினோம். மூன்றாவது இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று தேசியப் போலீஸ் மாணவர் படையை எழுதினோம். அதுதான் கிடைத்தது. முடிவு வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய வகுப்புத் தோழி, ஒரு சீனப் பிள்ளை, முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி என்றால் என்னவென்றே தெரியாது, அவளுக்கு நடனம் கிடைத்திருக்கிறது. சீனப் பிள்ளை சலங்கை கட்டப் போகிறது, என் பிள்ளை பூட்ஸ் போட்டு வெயிலில் இடம் வலம் நடக்கிறது. ஆறேழு வருட உழைப்பு வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை இரவானால் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பூட்ஸைத் தேய்க்கிறாள். அந்த நேரத்தில் கணக்குப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. கணவரோ இப்படிச் சீருடைக் குழுவில் இருந்தால் மேற்படிப்புக்குப் புள்ளி கிடைக்கும், விடு என்கிறார்.

அடுத்த மாதம் மூன்று நாள் முகாம் வேறு. கயாக், உயரத்தில் கயிற்றில் நடப்பது எல்லாம் உண்டாம். நீச்சல் ஓரளவு தெரியும், ஆனால் ஆழம் என்றால் பயப்படுவாள். பெரியவளாகி நாலு மாதம்தான் ஆகிறது. அனுப்பலாமா? குழுவை மாற்றித்தரச் சொல்லிப் பள்ளிக்கு எழுதலாமா?

வி., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
(முழுப் பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வி.,

இலக்கியக் கேள்வி இல்லை என்று எதற்கு மன்னிப்பு? நான் எதைக் கையில் எடுத்தாலும் ஒரே மாதிரிதான் படிப்பேன், உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். சேர்த்தோம், சேர்த்துவிட்டோம், மேலே போட்டோம், நிரப்பினோம், எழுதினோம். வினைச்சொற்கள் எல்லாம் பன்மை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறீர்கள். அந்த ‘யாரும்’ என்பதில் அவளும் உண்டா என்று தெரியவில்லை. கடிதம் முழுக்க உங்கள் மகள் தானாக, யாரும் சொல்லாமல் செய்கிற வேலை என்று ஒன்றே ஒன்றுதான் வருகிறது. பூட்ஸைத் தேய்க்கிறாள்.

அதனால் பள்ளிக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. ஜூன் விடுமுறை வரை விட்டுப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை பிடிக்காத வேலையை ஒரு மணி நேரம் செய்யாது. என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள், எனக்குத் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். 1983-இல் நான் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது இதற்குப் ‘புறப்பாட நடவடிக்கை’ என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில்தான் அது ‘இணைப்பாட’ ஆனது. புறத்தே கிடந்தது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தமிழ் விவாதக் குழுவில் சேர ஆசை. வாய்த்தது பள்ளி பேண்டு. பேண்டு ஆசிரியர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல ஒவ்வொருவர் உதட்டையும் பல்லையும் பார்த்தார். மெல்லிய உதடு என்றால் டிரம்பெட். என்னைப் பார்த்துவிட்டு யோசிக்கவே இல்லை, டியூபா என்றார். என் உயரத்தில் முக்கால்வாசி இருந்தது அது.

முதல் இரண்டு மாதம் வாத்தியத்தைத் தொடவிடவில்லை. ஊதுகிற வாய்ப்பகுதியை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். எருமைக் கன்று தாயைத் தேடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டு ஆயா சுவரைத் தட்டுவார். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கும் அப்பா, “ஊதுற வேலைக்கா ஒன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புனேன்?” என்பார்.

நான்கு வருடம் இருந்தேன். நன்றாக வாசித்தேன் என்று சொல்ல முடியாது. டியூபாவுக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது. முப்பத்திரண்டு ‘பார்’, அதாவது தாளக் கட்டம், சும்மா நிற்க வேண்டும், அப்புறம் இரண்டு சுரம், மறுபடி பதினாறு சும்மா. தொடையில் விரலால் எண்ணிக்கொண்டே நிற்பேன். எண்ணிக்கை தவறினால் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுத்தான் என் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வயதில் நான் வாய் மூடாத பையன். விவாதக் குழு கிடைத்திருந்தால் இன்னும் பேசியிருப்பேன், அவ்வளவுதான். அடுத்தவன் என்ன செய்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டது அங்கேதான். அப்படிக் கேட்டது பின்னால் எழுதுவதற்கு உதவியதா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் அதற்காக நான் அங்கே இருக்கவில்லை. டியூபாவின் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மகள் நடன வகுப்பில் ஆறேழு வருடம் மூத்தவள். எல்லாருக்கும் முன்னால் நிற்பவள். அணிவகுப்பில் அவளும் எல்லாரையும் போல இடதும் வலதும் குழம்புகிறவள். தெரிந்த ஒன்றில் முதலிடத்தில் நின்றே பழகிய பிள்ளைக்கு, ஒன்றுமே தெரியாத இடத்தில் கடைசி வரிசையில் நிற்பது முதலில் அவமானமாக இருக்கும், கொஞ்ச நாளில் ஆசுவாசமாக இருக்கும். அங்கே அவளிடம் யாரும் முத்திரை சுத்தமாக இல்லை என்று சொல்லப்போவதில்லை.

அதே ஆசுவாசம்தான் அந்தச் சீனப் பிள்ளைக்கும். இந்த ஊர்ப் பள்ளிகளின் இந்திய நடனக் குழுக்களில் சீன, மலாய்ப் பிள்ளைகள் ஆடுவது இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக் கலைக் குழுக்கள் மேடையேறும் சிங்கப்பூர் இளையர் விழாவில் ஒருமுறை மேடைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பின்னலில் குஞ்சலம் வைத்த ஒரு சீனப் பெண் தரையில் உட்கார்ந்து, பாதத்தில் சிவப்புச் சாயம் இட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மலாய்த் தோழி ஒரு கையில் வரைபடத்தாளைப் பிடித்து, மறுகையால் அந்தச் சாயம் காய விசிறிக்கொண்டே “தை யும் தத்த” என்று முணுமுணுத்தாள். உச்சரிப்பு கொஞ்சம் மாண்டரின், கொஞ்சம் மலாய். தாளம் மட்டும் பிசகவில்லை. அவர்களில் யாரும் உங்கள் பிள்ளையின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை, வி. உங்கள் பிள்ளை தெரியாத ஒன்றுக்குள் போன மாதிரி அவர்களும் போயிருக்கிறார்கள். முடிந்தால் அந்தத் தோழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். அரைமண்டி சொல்லிக்கொடுக்க உங்கள் மகளைவிட யார் வேண்டும்?

பரதம் வீணாகாது. வெளி வகுப்பு தொடரட்டும். சனிக்கிழமை மோதினால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித்தரச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். பெரும்பாலான நடன ஆசிரியர்களுக்கு இது பழகிய கோரிக்கைதான்.

புள்ளிக் கணக்கை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். இணைப்பாட நடவடிக்கையால் மேற்படிப்புச் சேர்க்கையில் அதிகபட்சம் 2 புள்ளி சலுகை. அது நடனத்திலும் கிடைக்கும், சீருடையிலும் கிடைக்கும். உங்கள் கணவர் சொல்வது தப்பில்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில் இவ்வளவு இடம் கொடுக்க வேண்டிய விஷயமும் இல்லை.

முகாமுக்கு வருகிறேன். இளையர் விழா தொடங்கியது 1967-இல். புலாவ் உபின் தீவில் வெளிப்புறச் சாகசப் பயிற்சி தரும் அவுட்வர்டு பவுண்டு பள்ளியை, அமைச்சர் கோ கெங் சுவீயின் முயற்சியால், நிறுவியதும் 1967-இல். இளைஞர்களுக்கான கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை சட்டமானதும் அதே வருடம். சுதந்திரம் வாங்கி இரண்டே வருடமான நாடு, பிள்ளைகளை ஆடவும் வேண்டும், படகு தள்ளவும் வேண்டும், துப்பாக்கி பிடிக்கவும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறது. பெற்றோர் கொஞ்சம் மிரண்டுதான் போயிருப்பார்கள்.

அந்தப் பள்ளியின் பெயருக்குத் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பல் என்று பொருள். முதல் பள்ளி 1941-இல், போருக்கு நடுவே, வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் தொடங்கியது. தொடங்கியவர் கூர்ட் ஹான் என்ற கல்வியாளர். பணம் போட்டவர் ஒரு கப்பல் நிறுவன முதலாளி. தாக்கப்பட்ட கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் வலுவான இளைஞர்கள் துவண்டுபோக, வயதான மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள் என்று அந்த முதலாளி கவனித்தாராம். உடல் பலம் இருந்தது, பழக்கம் இல்லை. உங்கள் மகளுக்கு அந்தப் பள்ளியின் முகாம் உயர்நிலை 3-இல் வரும், ஐந்து நாள். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து குழு பிரிப்பார்கள். அதற்குமுன் இந்த மூன்று நாள் நல்ல ஒத்திகை.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் ஒரு மாணவர் உயரக் கயிற்றுச் செயல்பாட்டின்போது விபத்துக்குள்ளாகி இறந்தார். அதன்பின் பள்ளிகளில் உயரம் சார்ந்த வெளிப்புறச் செயல்பாடுகளைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது. அந்த வாரம் நானும் தூங்கவில்லை. ஆகவே கேளுங்கள், ஆசிரியர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள். இடுப்பு வாரை ஒருவர் மாட்டிய பிறகு இன்னொருவர் இழுத்துச் சரிபார்க்கிறாரா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் கயாக்குகளைக் கரையேற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊர் மின்னல் உங்களுக்குத் தெரியாததல்ல. உயரத்தில் ஏறி நின்று பயந்து, இறங்குகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் இறக்கிவிடுவார்களா, கைதட்டிக் கைதட்டியே தள்ளிவிடுவார்களா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். முடியாது என்று சொல்லலாம் என்பதை நீங்களும் வீட்டிலேயே அவளிடம் சொல்லிவையுங்கள். ஆழத்துக்குப் பயம் என்பதை மருத்துவப் படிவத்தோடு சேர்த்து எழுதிக்கொடுங்கள். அது குறை இல்லை, தகவல். உயிர்காப்புச் சட்டை எல்லாருக்கும் உண்டு.

நாலு மாதம் என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். இதை என் மனைவியிடம் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே: தேதி வருகிறதோ இல்லையோ, தேவையானதை ஒரு கறுப்புப் பையில் போட்டு அவளே கட்டட்டும். அடர்நிறக் கால்சட்டை இரண்டு அதிகம் வையுங்கள். முகாமுக்கு வரும் ஆசிரியை யாரென்று முன்கூட்டியே கேட்டு, அவரிடம் மகளையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அந்த நாளில் தண்ணீரில் இறங்க மனமில்லை என்றால் கரையில் இருக்கலாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. இதற்காகவெல்லாம் முகாமை நிறுத்துவது நம் அம்மாக்கள் காலத்தோடு போகட்டும் என்றார். நான் குறுக்கே பேசவில்லை.

பையை நீங்கள் கட்டாதீர்கள், அவள் கட்டட்டும். ஏதோ ஒன்றை மறப்பாள், பெரும்பாலும் பல்துலக்கியை. தோழியிடம் பற்பசை வாங்கி விரலால் தேய்த்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “ஓகே” என்பாள். அதற்குமேல் கேட்காமல் துணியைத் துவைக்கப் போடுங்கள். இரண்டு நாள் கழித்து, சம்பந்தமே இல்லாமல், மெஸ் டின் என்ற முகாம் பாத்திரத்தில் மேகி வேகவைத்து அடியில் கரி பிடித்ததைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள்.

ஜூனில் அவளே வந்து, எனக்கு இது வேண்டாம் அம்மா என்று காரணத்தோடு சொன்னால், அப்போது எழுதுங்கள். அல்லது அவளையே எழுதச் சொல்லி, கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். யாராவது மிரட்டுகிறார்கள், மூத்த மாணவர்கள் கேலி செய்கிறார்கள் என்றால் மட்டும் ஜூன்வரை காத்திருக்க வேண்டாம், மறுநாளே போங்கள்.

கடைசியாக, பூட்ஸ். ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் பாலிஷை அதிகமாக அப்புகிறாள் என்று அர்த்தம். தேசிய சேவையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு பஞ்சை ஈரமாக்கிப் பிழிந்து, டப்பாவின் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் ஒற்றி, நாணயம் அளவு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். மங்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர். அவசரப்பட்டு மறுபடி பாலிஷ் எடுக்கக் கூடாது. இருபது நிமிடத்தில் முகம் தெரியும். கீழே பழைய தமிழ் முரசு நாளிதழ் இரண்டு தாள் விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சமையலறைத் தரையில் அந்தக் கறுப்பு ஒட்டினால் லேசில் போகாது.

அன்புடன்.