கணவர் விமானம் ஓட்டப் பழகுகிறார். நான் பங்கரைத் தேடுகிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் என் தாயார் வீட்டிலிருந்து இதனை எழுதுகிறேன். எனக்கு வயது 28. ஒரு மாதத்தில் திரும்பி விடுவேன் என்று சொல்லி ஊருக்கு வந்தவள், மூன்று மாதமாகியும் போகாமல் இருக்கிறேன்.

என் கணவர் நான்கு வயதில் வவுனியாவிலிருந்து பெற்றோருடன் கனடாவுக்குப் போனவர். அந்நாட்டு விமானப்படையில் விமானியாகப் பயிற்சி பெறுகிறார். திருமணம் பேசியவர்கள் ‘அரசாங்க உத்தியோகம்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர்தான் தொலைபேசியில் விமானப்படை என்று சொல்லி, “உமக்கு இதில சம்மதமோ?” என்று கேட்டார். சம்மதம் என்றேன். நான் அப்போது சீருடையைத்தான் நினைத்தேன், சத்தத்தை நினைக்கவில்லை.

சென்ற தை மாதம், சஸ்காச்சுவன் மாகாணத்தில் மூஸ் ஜோ நகருக்குத் தெற்கே உள்ள விமானப்படைத் தளத்தின் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. மரமில்லாத வெளி, இரணைமடுக் குளம் அணைக்கட்டே இல்லாமல் அடிவானம் வரை வற்றிக் கிடப்பது போன்ற ஒரு நிலம், அதன்மேல் பனி. குளிருக்குப் பழகிவிட்டேன். அயல்வீட்டுப் பெண்களும் அன்பானவர்கள். பயிற்சியின் முதற்கட்டத்தை மானிட்டோபாவில் முடித்த இவர், இங்கே இரண்டாம் கட்டத்தில் ஹார்வர்ட் என்னும் ஒற்றை இயந்திர விமானத்தை ஓட்டப் பழகுகிறார். ஒவ்வொரு பறப்புக்கும் மதிப்பீடு உண்டு. இரவில் சாப்பாட்டு மேசையில் விமானியறையின் படத்தை விரித்து வைத்து, கதிரையில் இருந்தபடியே கண்ணை மூடிக் கைகளை அசைத்து, அவசரகாலப் படிமுறைகளை வாய்க்குள் சொல்லிப் பழகுவார். பார்க்கப் பாசமாக இருக்கும்.

ஆனால் அந்த விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வரும்போது, வன்னியில் நாங்கள் ‘வண்டு’ என்று சொன்ன வேவு விமானத்தின் இரைச்சலாகவே எனக்குக் கேட்கிறது. பங்குனியில் ஒரு நாள், அதே தளத்திலுள்ள ஸ்னோபேர்ட்ஸ் சாகசக் குழுவின் ஜெட் விமானங்கள் ஒன்பதும் எங்கள் பக்கமாக ஒன்றாகப் போயின. எனக்குச் சுயநினைவு வந்தபோது நிலக்கீழ் அறையில், படிக்குக் கீழே, காதுகளைப் பொத்தி வாயைத் திறந்தபடி குந்தியிருந்தேன். வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செவிப்பறை வெடித்துவிடும் என்பது 2009இல், விசுவமடுப் பங்கருக்குள், அப்பா சொல்லித் தந்தது. அந்தப் பங்கரின் வாசலில்தான் என் தம்பி போனான். அவனுக்கு ஏழு வயது.

அன்று முதல் நான் நிலக்கீழ் அறையிலேயே படுக்கிறேன். மேலே ஹீற்றர் வறட்சி என்று சாட்டுச் சொன்னேன். முதலில் “நான் குறட்டை விடுறனோ?” என்று பகிடியாகக் கேட்டவர், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டுக் கவலை விமானிக்கு ஆபத்து என்று அங்கே ஒரு பெண் சொன்னதால் நான் எதையும் சொல்லவில்லை. வைகாசியில் அவர் ஒரு பறப்பில் தவறியபோது அது என்னால்தான் என்று நினைத்தேன். ஆடியில் ஊருக்கு வந்துவிட்டேன்.

இங்கே அம்மா, “தம்பியைக் கொண்டு போனது வானத்தால வந்தது, நீ அதுக்குச் சோறு காய்ச்சுறாய்” என்கிறார். என் கணவருக்கோ தேடல், மீட்பு ஹெலிகொப்ரர் ஓட்டத்தான் ஆசை. கார்த்திகையில் இந்தக் கட்டம் முடிகிறது. அதற்கு முன் வரச் சொல்கிறார். நான் போக வேண்டுமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா?

இப்படிக்கு,
தருமபுரத்து வாசகி

—

அன்புள்ள தங்கைக்கு,

கிளிநொச்சியில் ஒரு ஹெலி தாழப் பறந்தால் எங்கள் அலுவலகத்திலும் கதை ஒரு கணம் நின்றுதான் மீண்டும் தொடங்கும். ஆகவே படிக்குக் கீழே குந்தியிருந்ததற்காக என்னிடம் நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. பன்னிரண்டு வயதில் உயிரைக் காத்த ஒரு பாடத்தை உங்கள் உடல் பதினாறு ஆண்டுகள் கழித்தும் பிழையின்றி ஒப்புவித்திருக்கிறது. அந்தப் பாடம் மூஸ் ஜோவுக்குப் பொருந்தாது என்பதை அது இன்னும் அறியவில்லை.

ஜெட் விமானங்கள் ஒரு நாள் வந்து போயின. ஆனால் உங்களை அன்றாடம் அரித்தது ஹார்வர்டின் இரைச்சல் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. அதற்குக் காரணம் உண்டு. வன்னியில் வண்டு தானாக யாரையும் கொன்றதில்லை. அது சுற்றினால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானமோ செல் என்னும் எறிகணையோ வரும் என்பதுதான் நாம் கற்றுக்கொண்டது. எனவே தொடர்ந்து கேட்கும் இரைச்சல் உங்களைக் காத்திருக்க வைக்கிறது, வர வேண்டியது வராதபடியால் அந்தக் காத்திருப்பு முடிவதே இல்லை. அன்றாட இரைச்சல் வண்டாகக் கேட்பது, நிலக்கீழ் அறையிலேயே படுப்பது, நினைவு தப்பிய அந்தச் சில நிமிடங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயாக இது இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் அப்படி முடிவு கட்ட முடியாது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். மனவடுவை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகளில் நடைபெறுவது. தம்பியைப் பற்றித் தமிழில், அந்த மண்ணைத் தெரிந்த ஒருவரிடம் பேசித் தொடங்குவது, பிறகு வேறு நாட்டில் வேறு மொழியில் தொடர்வதற்கும் உதவும். இரவில் நெஞ்சடைத்துத் தாங்க முடியாமற் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைத் தமிழிலும் அழைக்கலாம். பழகிக்கொள்வோம் என்று நினைத்து, விமானச் சத்தப் பதிவுகளைத் தனியே இருந்து கேட்டுப் பார்க்க வேண்டாம். அது சிகிச்சையில் படிப்படியாக, ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் அம்மாவின் சொல்லை நான் நோய்க் கணக்கில் சேர்க்க மாட்டேன். வானத்திலிருந்து வந்ததற்குப் பிள்ளையைக் கொடுத்தவர் விமானப்படை மருமகனை எப்படிப் பார்ப்பது என்பது உண்மையான கேள்வி, அது உங்களுடைய கேள்வியும்கூட. பயம் தணிந்த பிறகும் அது இருக்கலாம். கணவர் ஹெலிகொப்ரர்தான் ஓட்டுவார் என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள். எந்த வகை விமானத்துக்குப் போவார் என்பது அவருடைய விருப்பத்தால் மட்டும் முடிவாவதில்லை, பெறுபேறும் படையின் தேவையும் சேர்ந்தே முடிவு செய்யும். எந்தப் பணி வந்தாலும் இவரோடு வாழ முடியுமா என்று நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அதைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்க முடியாது. அதனால்தான் சிகிச்சையை முதலில் சொன்னேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. அவரும் இன்னும் அந்தப் பங்கர் வாசலை விட்டு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் மறைத்தவரே மெலிவார் என்பதை விட்டுவிடுவோம், அவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: மனைவி திடீரெனக் கீழே படுக்கப் போனாள், காரணம் ஹீற்றர் என்றாள், பிறகு நாட்டைவிட்டே போய்விட்டாள். தன்னை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அவர் வேறு எதை எண்ணுவார்? விமானியின் கவனத்தைக் கலைப்பது தெரிந்த துயரைவிடத் தெரியாத துயர்தான் என்று நான் கருதுகிறேன். பறப்பில் தவறுவது எல்லாப் பயிலுநர்க்கும் நேர்வது, அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவருடைய பறப்புத் தகுதியும் உங்கள் மருத்துவப் பதிவால் தீர்மானிக்கப்படுவதில்லை. பெண் கேட்டபோதே ஒளிக்காமல் விமானப்படை என்று சொன்ன மனிதர் அவர். அதே நேர்மை அவருக்கும் கிடைக்கட்டும்.

நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சஸ்காச்சுவன் நம்மைவிடப் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. நம் ஞாயிறு காலை ஆறு மணி அங்கே சனி மாலை ஆறரை. மறுநாட் காலை பறப்பு இருக்காத மாலையாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. “நான் கீழ படுத்தது உங்களால இல்லை. அந்தச் சத்தம் எனக்கு வண்டுச் சத்தம். தம்பி எப்படிப் போனவன் எண்டு நான் உங்களுக்கு இன்னும் சொல்லேல்லை.” இந்த மூன்று வசனம் முதல் நாளுக்குப் போதும். நான்கு வயதில் வெளியேறியவருக்கு வண்டு என்றால் என்னவென்று தெரியாமலிருக்கலாம், பொறுமையாக விளக்குங்கள்.

திரும்பிப் போவதாக முடிவெடுத்தால், சில ஏற்பாடுகளை இருவரும் சேர்ந்து பேசலாம். அன்றைய பறப்பு நேரம், இரவுப் பறப்பு, சாகசக் குழுவின் பயிற்சி நாள் ஆகியவற்றில் வெளியே சொல்லக்கூடியதை அவர் முதல்நாள் இரவே உங்களுக்குச் சொல்லி வைக்கட்டும். எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரிந்த சத்தம், தெரியாத சத்தத்தைப் போல் உடலை ஆட்டாது. தளத்துக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்றில்லை. நகருக்குள் வாடகை வீடு பார்க்கலாம். தளத்தில் படைக்குடும்பங்களுக்கான வள நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே ஆலோசகரைக் கேளுங்கள். நீங்கள் சொல்வது எந்த அளவுக்கு இரகசியமாக இருக்கும் என்பதை முதற் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவதில் தவறில்லை. நிலக்கீழ் அறையை ஒரே நாளில் பூட்டவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு மேலே, மற்ற இரவுகளில் கீழே, அவரும் கீழே வந்து படுக்கலாம்.

கார்த்திகைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வைத்தியசாலையில் முதல் இரண்டு அமர்வும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் முடிந்த பிறகு, ரிக்கெற் திகதியைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்