மோட்டார்ஹோம் பேட்டரி: மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் விளக்கு, பம்ப் முதலியவற்றுக்காக 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டை இணையாக இணைத்திருக்கிறோம். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவு முழுதும் வெளி மின் இணைப்பில் வைத்திருந்தாலும் காலையில் சுவரிலுள்ள மீட்டர் 12.6 வோல்ட்தான் காட்டுகிறது. மாலையில் தண்ணீர் பம்ப் ஓடும்போது அது 11.4-க்கு இறங்குகிறது, விளக்குகளும் மங்குகின்றன. பம்ப் நின்றதும் 12.3-க்கு ஏறிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் தந்திருக்கும் மூன்று எண்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. வோல்ட் அளவு என்பது எங்கே அளந்தது, எந்த நேரத்தில் அளந்தது, அப்போது எவ்வளவு மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது என்ற மூன்றும் தெரிந்தால்தான் பொருள் தரும். நல்ல நிலையில் இருக்கும் பேட்டரிகள் இந்த விவரம் பார்க்கப்படாமலே கழற்றி எறியப்படுவதும், புதியவை போட்ட பிறகும் அதே கோளாறு தொடர்வதும் இத்துறையில் அடிக்கடி நடப்பவை. அது உங்களுக்கும் நேரக்கூடாது.

உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல், பம்ப் ஓடும்போது இறங்கி நின்றதும் ஏறுகிறது என்பதுதான். இத்தகைய பம்ப் பொதுவாக 5 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். 6 என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நல்ல பேட்டரித் தொகுதிக்கு 6 ஆம்பியர் ஒரு சுமையே அல்ல. மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினாலே அதிகம். உங்களுக்கோ 0.9 வோல்ட் இறங்குகிறது. 0.9-ஐ 6-ஆல் வகுத்தால் 0.15 ஓம் வருகிறது. அதாவது, பேட்டரியின் உள்ளேயோ அதிலிருந்து வரும் வழியிலோ இருக்கக்கூடாத ஒரு மின்தடை உட்கார்ந்திருக்கிறது. பம்ப் ஓடும் நேரமெல்லாம் ஐந்து வாட்டுக்கும் சற்று மேற்பட்ட மின்திறன் அந்த இடத்தில் வெப்பமாக வீணாகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பம்புக்கு மட்டும் செல்லும் கம்பியில் கோளாறு இருந்தால் பம்ப்தான் சோர்ந்து ஓடுமே தவிர விளக்குகள் மங்கா. விளக்குகளும் சேர்ந்து மங்குவதால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: பேட்டரி, அதன் முனைகள், பிரதான ஃபியூஸ், துண்டிப்பு சுவிட்ச், வண்டியின் உடலோடு இணையும் எர்த் இணைப்பு ஆகிய இவற்றுள் ஏதோ ஒன்றில்.

எனவே முதல் வேலை இது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறொருவரைக் குழாயைத் திறந்து பம்பை ஓடவிடச் சொல்லி, பேட்டரியின் முனைகளிலேயே அளந்து பாருங்கள். மீட்டர் கம்பியின் நுனியிலுள்ள ஊசி, கம்பியைப் பேட்டரி முனையோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேலோ போல்ட்டின் மேலோ அல்லாமல், நடுவில் தெரியும் ஈயத்திலேயே அழுந்தப் படவேண்டும். இது முக்கியம், கிளாம்ப்புக்கும் ஈயத்துக்கும் இடையில் படிந்திருக்கும் மெல்லிய உப்புப் படலமே பல நேரங்களில் குற்றவாளி. சுவர் மீட்டர் 11.4 காட்டும் அதே நொடியில் ஈய முனைகளில் 12.2 அளவில் நின்றால், பேட்டரிகள் மீது பழி இல்லை, கோளாறு வழியில். ஈய முனைகளிலும் 11.4 என்றே வந்தால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வழியில் என்று தெரிந்தால், அது எந்த இணைப்பு என்பதையும் அதே மீட்டரே சொல்லிவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலும் மற்றதைக் கம்பி முடியும் இடத்தில் சேஸிஸின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் ஒரு வோல்ட்டின் நூற்றில் சில பங்குகளே காட்டும், 0.5 காட்டினால் உங்கள் 0.9-ல் பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்துவிட்டது. பின்னர் பாசிட்டிவ் பக்கம் ஈயத்திலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து ஃபியூஸின் முன்புறம், ஃபியூஸின் முன்புறத்திலிருந்து பின்புறம், சுவிட்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை என்று ஒவ்வொரு துண்டாக அளந்து செல்லுங்கள். ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருந்தால் அளப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். பம்ப் ஓடாத நேரத்தில் இப்படி அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் போகாதபோது மோசமான இணைப்பும் நல்லதாகவே காட்டும். இணைப்புகளைக் கழற்றும் முன் எல்லாச் சார்ஜர்களையும் நிறுத்தி, சூரிய மின்தகடு இருந்தால் அதைத் துண்டித்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். கையில் மோதிரமோ உலோகச் சங்கிலியோ இருக்கக்கூடாது. கழற்றியதை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே பாதுகாப்பு கிரீஸ் பூசினால் போதும்.

பேட்டரிதான் சந்தேகத்துக்குரியது என்றால், இணையாக இருக்கும் இரண்டையும் பிரிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. கெட்டுப்போன ஒன்று நல்லதையும் தன்னோடு கீழே இழுக்கும். சேர்த்து அளக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிரித்து, ஓர் இரவு சும்மா விட்டு, மறுநாள் தனித்தனியே அளந்து பாருங்கள். சார்ஜ் ஏற்றிய உடனே தெரியும் எண் பொய்யாக உயர்ந்திருக்கும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. நல்ல பேட்டரியில் 12.6 முதல் 12.7 வரை இருக்கும், 12.1 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. முழுச் சார்ஜுக்குப் பிறகும் 10.5 பக்கம் நிற்குமானால், ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று கொள்ளலாம், ஏனெனில் ஒரு செல்லின் பங்கு சுமார் 2.1 வோல்ட். திறக்கும் மூடியுள்ள வகையாக இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்கவேண்டிய ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), ஒரு செல்லில் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்தப் பேட்டரி முடிந்துவிட்டது.

இனி, காலையில் தெரியும் 12.6. இது இணைப்பைப் பிடுங்கிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்த எண் என்றால் குறையே இல்லை, பேட்டரி நிறைந்திருக்கிறது. இணைப்பு இருக்கும்போதே 12.6 என்றால், சார்ஜ் பேட்டரிக்குப் போய்ச் சேரவே இல்லை. சார்ஜ் ஏறும்போது 14.4 அளவுக்கு உயர்ந்து, நிறைந்த பிறகு 13.5 அருகே நிற்பதுதான் முறை. விலை மலிவான, பழைய சார்ஜர்கள் எப்போதும் 13.6-லேயே நிற்கும், அதுவும் 12.6 அல்ல. வெளி மின் இணைப்பில் விளக்குகள் பிரகாசமாக எரிந்துகொண்டே பேட்டரி மட்டும் நிறையாமல் இருந்தால், சார்ஜரில் தலைகீழ் இணைப்புக்கான பாதுகாப்பு ஃபியூஸ்களைப் பாருங்கள். எப்போதாவது பேட்டரியை ஒரு கணம் மாற்றி இணைத்திருந்தால்கூட அவை எரிந்திருக்கும். சில வண்டிகளில் துண்டிப்பு சுவிட்சை அணைத்து வைத்தால் சார்ஜும் பேட்டரிக்குப் போகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சார்ஜருக்குள் வரும் உயர் மின்னழுத்தப் பகுதியைத் திறக்கவேண்டிய நிலை வந்தால், அதைப் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வண்டி ஓடும்போது நிறைந்துவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு சொல். புதிய எஞ்சின்களில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், எரிபொருள் சேமிப்புக்காகத் தன் மின்னழுத்தத்தை அவ்வப்போது தானே குறைத்துக்கொள்கிறது. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட கம்பியில் மேலும் சிறிது இழக்கிறது. அத்தகைய வண்டியில் இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடும் வெறும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போதாது, வரும் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் தேவை.

நிறுத்தி வைத்திருக்கும் நாட்களில் மட்டும் இறங்குகிறது என்றால் அது வேறு கோளாறு. எரிவாயுக் கசிவு எச்சரிப்பான், வானொலியின் நினைவகம், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, அணைக்காமல் விட்ட இன்வெர்ட்டர் ஆகியவை சேர்ந்து 0.5 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். உங்கள் தொகுதியில் பாதி எட்டு நாட்களில் தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் டிசி அளக்கக்கூடிய ஒன்றால் பார்த்தால் தெரியும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. ஈய-அமில பேட்டரியைக் குறைந்த சார்ஜில் வாரக்கணக்கில் கிடத்தி வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். இரண்டே ஆண்டுகளில் பேட்டரி போவதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அளந்த பிறகும் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும் என்று தெரிந்தால், இரண்டையும் ஒரே வகையில், ஒரே கொள்ளளவில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இணைக்கும்போது வண்டிக்குச் செல்லும் பாசிட்டிவ் கம்பியை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் கம்பியை மற்றதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் சுமை இரண்டின் மீதும் சமமாக விழும். லித்தியம் வகைக்கு மாறுவதாக இருந்தால் சார்ஜரும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அதோடு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழக் கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், மேலே சொன்ன வோல்ட் கணக்குகள் அதற்குப் பொருந்தா. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.