நின்று நின்று ஓடும் ஆம்னி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்பரேட்டர் வண்டி. காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் காய்கறி லோடு. 3 மாதமாக ஒரு தொல்லை. 40 நிமிடம் ஓடியதும் பட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. 20 நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பிளக்குக்குக் கரண்டை ஏற்றித் தரும் காயில், பெட்ரோல் பம்ப், பிளக், பிளக் ஒயர் எல்லாம் புதிது. கார்பரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று. 14,000 ரூபாய் போய்விட்டது. மெக்கானிக் ஏர் லாக் என்கிறார், அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைக்கிறதாம். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றச் சொல்கிறார். சுற்றலாமா? இல்லை, வண்டியை விற்றுவிடலாமா?

வாசகர், உடுமலைப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

விற்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பிளக்கில் கரண்ட் வந்ததா, கார்பரேட்டரில் பெட்ரோல் இருந்ததா? 3 மாதத்தில் இத்தனை முறை நின்றிருக்கிறது, ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை. நின்றதும் செல்ஃப் அடிக்கிறீர்கள், ஓரமாகக் காத்திருக்கிறீர்கள், ஸ்டார்ட் ஆனதும் பட்டறைக்குப் போகிறீர்கள். அங்கே வண்டி அழகாக ஓடுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் என்ன தெரியும்? மெக்கானிக்கும் “மாற்றிப் பார்க்கலாம்” என்கிறார். அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பழைய வண்டிகள் இரும்புக் கடைக்குப் போவது துருப்பிடித்து மட்டுமல்ல. மாற்றிப் பார்த்து மாற்றிப் பார்த்து, சொந்தக்காரர் மனம் வெறுத்துப்போய்த் தள்ளிவிடுகிறார்.

அதற்கு முன் ஒரு கண்டிப்பு. எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது தவறு. ரயில்வே கேட்டின் நடுவில் நின்றால் என்ன செய்வீர்கள்? பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிக்குத்தான் உதவி கிடைக்கும், அப்புறம் பெடல் கட்டையாகிவிடும். ஓடும்போது நின்றால் கிளட்சை மிதித்து ஓரம் கட்டுங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியைக் கடைசிவரை திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஈரத்துணியைப் பற்றி. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் அடைபட்டு இருக்கிறது. பம்பு, காயில், கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் அந்தச் சூட்டில்தான் வேகின்றன. 20 நிமிடம் விட்டால் எல்லாமே ஆறும். பெட்ரோல் ஆவியாகி அடைத்திருந்தால் அது விலகும். சூட்டில் அறுந்திருந்த காயில் சுற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆக, “ஆறினால் ஓடுகிறது” என்பதை வைத்து ஏர் லாக் என்று சொல்லவே முடியாது. துணியைச் சோதனையாகப் பயன்படுத்துவதென்றால், நின்றவுடன் பம்பின் மேல் மட்டும் போடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். 2, 3 நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் ஏர் லாக்கைச் சந்தேகிக்கலாம். தினமும் துணி சுற்றி ஓட்டுவது வைத்தியம் ஆகாது.

இனி நான் சொல்லப்போவதற்குப் பெரிய செலவில்லை. டேஷ்போர்டில் போடுகிற சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்று வாங்குங்கள். அதன் ஒரு ஒயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் கொடுங்கள், நடுவில் 2 ஆம்பியர் பியூஸ் இருக்கட்டும். இன்னொரு ஒயரை பாடியில் நல்ல எர்த்தில் முடுக்குங்கள். பல்பை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கட்டிக்கொண்டு, தனியாக, போக்குவரத்து இல்லாத சாலையில் ஓட்டுங்கள். எஞ்சின் நிற்கும் அந்தக் கணத்தில் பல்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பல்பு அணைந்தால் காயில், பம்பு, கார்பரேட்டர் எதன்மேலும் குற்றமில்லை. பேட்டரியிலிருந்து காயில்வரை வரும் வழியில் எங்கோ கரண்ட் நிற்கிறது: சாவி சுவிட்சின் தேய்ந்த கான்டாக்ட், பியூஸ் பெட்டியில் கருகிய கவ்வி, பச்சை பூத்த கனெக்டர், தளர்ந்த பேட்டரி டெர்மினல். சாவியோடு பத்துச் சாவிகள் தொங்குகின்றனவா? கழற்றுங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டுச் சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள், பியூஸ் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். கூடவே மல்டிமீட்டரில் பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் பாசிட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் இழப்பு என்று பாருங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. வழியில் தனி ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியைத் துண்டு துண்டாக அளந்துகொண்டே போக வேண்டும். எர்த்தையும் விடாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு அளந்தால் செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்டும் துருவும் போக உரசி, மறுபடி முடுக்குங்கள்.

பல்பு எரிந்துகொண்டே எஞ்சின் நின்றால் அடுத்த சோதனை. சின்ன எல்.இ.டி. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மறுமுனையைக் காயிலின் நெகட்டிவ் முனையில் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு சிமிட்ட வேண்டும். எரியவே இல்லையென்றால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எரிந்தபடியே இருந்து சிமிட்டாவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். காயிலின் கரண்டை வெட்டிவிடும் பாயிண்ட் உள்ள வண்டியென்றால் பாயிண்ட், கன்டென்சர். அந்த வேலையை எலக்ட்ரானிக்காகச் செய்யும் வண்டியென்றால் பிக்கப் காயில், இக்னைட்டர். யாரும் பார்க்காத இடம் ஒன்று அங்கே உண்டு. எஞ்சின் உறிஞ்சலுக்கேற்பப் பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு ஒவ்வொரு முறை நகரும்போதும் உள்ளே போகும் மெல்லிய ஒயரும் சேர்ந்து மடங்குகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது வேக்குவம் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகரும்போது எஞ்சின் நின்றால் திருடன் அகப்பட்டான்.

விளக்கு சிமிட்டுகிறது, ஆனால் பிளக்கில் பொறி இல்லை என்றால் காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர், அதன் மூடியான கேப் மூன்றில் ஒன்று. பொறியைப் பார்க்க உபரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் இரும்பை எஞ்சினோடு கவ்விவிட்டுப் பாருங்கள். கையில் பிடிக்காதீர்கள், பெட்ரோல் வாடை இருந்தால் செய்யவே செய்யாதீர்கள். காயில் புதிதுதானே என்று சொல்லாதீர்கள். வெளியே ரெசிஸ்டர் வைத்து ஓட்ட வேண்டிய 1.5 ஓம் காயிலை நேரடி 12 வோல்ட்டில் மாட்டினால், அரைமணி, முக்கால் மணியில் கொதித்து நின்றுபோகும். ஆறினால் ஓடும். உங்கள் வண்டி செய்வதும் அதுதான்! நேரடி 12 வோல்ட் காயில், பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஏறக்குறைய 3 ஓம் காட்டும். பழைய காயிலைத் தூக்கி எறியவில்லையென்றால் இரண்டையும் அளந்து பாருங்கள். அளக்காமல் மாற்றினால் ஒன்றிருந்த கோளாறு இரண்டாகவும் ஆகலாம்.

பொறி நன்றாக வருகிறதென்றால்தான் பெட்ரோலுக்குப் போக வேண்டும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் இழுத்தால் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் பெட்ரோல் வரவில்லை. உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டரையும் ரப்பர் ஓஸ்களையும் பாருங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் 1998-இன் ரப்பருக்கு ஆகாது. ஓஸ் உள்ளே உப்பி வழியை அடைக்கும், வெடித்த ஓஸ் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும். பீய்ச்சியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நனைந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது.

நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். திக்கி, குலுங்கி, இழுக்காமல் போய் நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். சுவிட்சை அணைத்தது போல நின்றால் கரண்ட். நீங்களே “பட்டென்று” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகும் கார்பரேட்டரை இரண்டு முறை கழுவியதை எப்படி ஏற்றுக்கொள்வது? ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் நின்று, மிதித்தால் ஓடினால் கதை வேறு, கார்பரேட்டரில் ஐடில் பெட்ரோலைத் திறந்துவிடும் சொலினாய்டின் ஒயரைப் பாருங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி, அதாவது கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்ச வைக்கும் வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அதில் சாவி போட்டதும் டேங்க் பம்பு ஓரிரு நொடி முனகுகிறதா என்று கேளுங்கள், பிறகு ரிலே, பிறகு சூட்டில் கெடும் சென்சார்.

விற்பதைக் கேட்டீர்கள். இந்தக் கோளாறோடு விற்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள், வாங்குகிறவரும் நடுரோட்டில் நிற்பார். பல்பைக் கட்டி ஓட்டிவிட்டு எழுதுங்கள். எஞ்சின் நின்றபோது எரிந்ததா, அணைந்ததா என்ற ஒரு சொல் போதும். அதுவரை பிள்ளைகள் வேறு வண்டியில் போகட்டும்.