தோலில் சுரக்காத இன்சுலின் ஈஸ்ட்டில் சுரப்பது எப்படி?

கேள்வி: என் மகன் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. படிக்கிறான். உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது என்று அவனுடைய பாடத்தில் வருகிறது. அப்படியானால் இன்சுலின் கணையத்தில் மட்டும் சுரப்பானேன்? நான் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஈஸ்ட்டில் தயாரானது என்கிறார் மருந்துக் கடைக்காரர். என் தோல் செய்யாத வேலையை ஈஸ்ட் எப்படிச் செய்கிறது?
— வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: முதிர்ந்த சிவப்பணு போன்ற சில விலக்குகள் நீங்கலாகப் பாடநூல் சொல்வது சரியே. உங்கள் தோல் செல்லிலும் 11ஆவது குரோமோசோமில் இன்சுலின் மரபணு முழுமையாக இருக்கிறது. ஆனால் ஒரு மரபணு செல்லுக்குள் இருப்பது வேறு, அந்தச் செல் அதைப் படிப்பது வேறு. முன்னதை அழுத்திச் சொல்லும் நம் வகுப்பறைகள் பின்னதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

டி.என்.ஏ. தானாக எதையும் செய்வதில்லை. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி, மரபணுவின் தொடக்கத்தில் உள்ள புரோமோட்டர் என்ற பகுதியில் வந்து அமர்ந்து, அங்கிருந்து மரபணுவின் வேதி எழுத்து வரிசையைப் படியெடுத்தால்தான், அந்தப் படி தூது ஆர்.என்.ஏ.வாக உட்கருவை விட்டு வெளியேறி, செல்லின் புரதத் தயாரிப்புக் கூடமான ரைபோசோமில் மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்பட்டு, அமினோ அமிலச் சங்கிலியாக, அதாவது புரதமாக, உருவெடுக்கும். இன்சுலினுக்கு முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி உருவாகிறது. அது வெட்டுண்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோனாக மாறுகிறது.

நொதி எங்கே அமரலாம் என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு இருக்கிறது. ஒரு செல்லில் உள்ள ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ., சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உட்கருவுக்குள், நூல் கண்டில் சுற்றியதைப்போல ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகிக் கிடக்கும் பகுதியை நொதி எளிதில் நெருங்க முடியாது. உங்கள் தோல் செல்லில் இன்சுலின் மரபணுவின் நிலை அதுதான். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களிலோ அந்தப் பகுதி தளர்ந்திருக்கிறது. அங்கே பிடிஎக்ஸ்1 முதலான சில புரதங்கள் சேர்ந்து புரோமோட்டரைப் பற்றிக்கொண்டு நொதியை அழைத்து வருகின்றன. கரு வளரும் காலத்தில் அண்டைச் செல்களிலிருந்து வந்த சைகைகளால் இந்த ஏற்பாடு அமைகிறது. பிறகு செல் பிரியும்போதெல்லாம், டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியுள்ள மீத்தைல் அடையாளங்கள் வழியாகவும் பிற வழிகளிலும் அது அடுத்த தலைமுறைச் செல்களுக்குச் செல்கிறது.

மூடிய மரபணு அழிந்துவிடுவதில்லை. தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து வளர்த்தால் அதிலிருந்து முழுத் தவளையே உருவாகக்கூடும் என்று ஜான் குர்டன் 1962இல் காட்டினார். ஷின்யா யமனாகா 2006இல் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோல் பகுதிச் செல்களைக் கருநிலைச் செல்களைப் போன்றவையாக மாற்றினார். இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஈஸ்ட். எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற குறியீடு மனிதருக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவானது. அதைப் பிரித்தறிந்த பணிக்காக ஹர் கோவிந்த் கொரானா 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே இன்சுலினுக்கான வரிசையை ஈஸ்ட்டின் ரைபோசோம் தடுமாறாமல் வாசிக்கும். ஆனால் மனிதப் புரோமோட்டரை ஈஸ்ட் பொருட்படுத்தாது என்பதால், அந்த வரிசையை ஈஸ்ட்டுக்கே உரிய ஒரு புரோமோட்டரின் பின்னால் ஒட்டிச் செலுத்துகிறார்கள். உங்கள் ஊர் பயோகான் நிறுவனம் இன்சுலின் தயாரிக்கப் பயன்படுத்துவது பிச்சியா வகை ஈஸ்ட். மெத்தனால் கிடைத்ததும் முழுவீச்சில் இயங்கும் புரோமோட்டர் ஒன்று இவ்வகையில் உண்டு, பிற புரதங்களைத் தயாரிக்கவும் ஆய்வாளர்கள் அதைப் பெரிதும் நாடுகிறார்கள். உங்கள் தோல் செல்லில் மூடிக்கிடக்கும் அதே செய்தி, தொடக்கப் பகுதியை மாற்றியதும் ஈஸ்ட்டில் படிக்கப்படுகிறது.

கணையத்தில் மட்டும் என்று கேட்டீர்கள். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியின் சில செல்களும் மிகச் சிறிதளவு இன்சுலினை உருவாக்குகின்றன. ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது அதன் நோக்கமன்று. அங்கே பக்குவப்படும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு உடலின் சொந்தப் புரதங்களைக் காட்டி, அவற்றைத் தாக்க முனைபவற்றைக் களைவதற்கே அந்த ஏற்பாடு. தைமஸில் இன்சுலின் உற்பத்தி குறைவாக உள்ளவர்களுக்கு, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே பீட்டா செல்களை அழித்துவிடும் முதல் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.