ஒற்றை டிக் வியாபாரம்

கேள்வி: கரூரில் அப்பாவின் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 27. இதுவரை ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு நெய்து கொடுத்தோம். இப்போது நேரடியாக லாட்ஜ்களுக்கு பெட்ஷீட், தலையணை உறை விற்க இறங்கியிருக்கிறேன். கூகுளில் தேடி 256 லாட்ஜ் நம்பர்களை எடுத்து வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. பிறகு தனித்தனியாக அனுப்பினேன். இரண்டே பதில். ஒருவர் ‘யாரு?’ என்றார். இன்னொருவர் கும்பிடு போட்டுவிட்டு ப்ளாக் செய்துவிட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பே என் நம்பரை முடக்கிவிட்டது. நான் அனுப்பிய செய்தியை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? 50,000 நம்பர்களை 1,499 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?
- கரூர் வாசகர்

பதில்: தம்பி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். போனில் வந்து விழும் குப்பைச் செய்திகளை அழிக்காமல் சேர்த்து வைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே சேர்க்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். பிராட்காஸ்ட் விஷயத்தில் உங்களை யாரும் ஒதுக்கவில்லை. உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பழனி லாட்ஜ்காரர் உங்கள் நம்பரை எதற்குப் பதிந்து வைக்கப்போகிறார்? அத்தனையும் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும்.

இனி உங்கள் செய்திக்கு வருவோம். ‘டியர் சார் / மேடம்!!! தரத்தில் நம்பர் ஒன்! நம்ப முடியாத விலை! இந்தியாவின் முன்னணி பெட்ஷீட் நிறுவனம்! ஆஃபர் இன்றே கடைசி!!!’ அதோடு 14 படங்களும் ஒரு ரோஜாப்பூவும். இதை என் சேமிப்பிலிருந்த ‘வாழ்த்துகள், உங்கள் நம்பருக்கு 25 லட்சம் பரிசு’ செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆச்சரியக்குறி வரைக்கும் கூடப்பிறந்ததுபோல இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மோசடிக்காரர் தெரிந்தே அப்படி எழுதுகிறார். நைஜீரிய இளவரசர் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள்: மாட்டிக்கொண்ட பெரும் பணத்தை வெளியே எடுக்க உதவினால் பங்கு தருகிறேன் என்று கடிதம் எழுதி, முன்பணம் கறக்கிற மோசடி. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணை வைத்து ‘419 மோசடி’ என்பார்கள். உலகத்துக்கே தெரிந்துபோன பிறகும் ஏன் இன்னும் ‘நான் நைஜீரியாவிலிருந்து எழுதுகிறேன்’ என்றே ஆரம்பிக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவில் இருந்த கார்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடிதம் அனுப்ப அவர்களுக்குச் செலவே இல்லை. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசுவதில்தான் உழைப்பு. அந்த உழைப்பைச் சந்தேகப்படுகிற ஆளிடம் வீணாக்கக்கூடாது. அதனால் விவரமானவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு ஓடிப்போகும்படி எழுதுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் போதும்.

நீங்களும் அதே சல்லடையைத்தான் எடுத்திருக்கிறீர்கள். மாதம் தவறாமல் வாங்கி, பணத்தையும் ஒழுங்காகக் கொடுக்கக்கூடிய விவரமான லாட்ஜ்காரர் யாரோ, அவர்தான் ரோஜாப்பூவைப் பார்த்ததும் முதலில் ஓடுகிறார்.

குப்பையிலும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பருக்கு உடனே பேசவும்’ என்று ஒன்று ஊரெல்லாம் சுற்றியதே, அது சுத்தத் திருட்டுத்தனம். ஆனால் எழுத்தைப் பாருங்கள்: ஒரே விஷயம், ஒரு நேரம், செய்ய வேண்டிய ஒரே காரியம். எங்கள் பக்கத்து வீட்டு மாமி அதை நம்பி பதறிப்போனார். நல்லவேளை, அந்த நம்பருக்குப் பேசாமல் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கி வந்துவிட்டார். உங்கள் செய்தியைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. மெழுகுவத்திகூட வாங்க முடியாது.

இன்னொன்று. ஒரு வங்கிக் கிளையில் என் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வாரம் அதே வங்கியிலிருந்து, ‘உங்களுக்கு 5 லட்சம் கடன் தயார்’ என்று குறுஞ்செய்தி. இடது கை செய்வது வலது கைக்குத் தெரியவில்லை. நீங்களும் ‘இன்றே கடைசி’ ஆஃபரைப் போன வாரம் அனுப்பியவர்களுக்கே இந்த வாரமும் அனுப்பியிருக்கிறீர்கள், படத்தில் தேதி தெரிகிறது. செத்த ஆஃபருக்கு எத்தனை தடவை காரியம் செய்வது?

கணினி வழியாகப் போன முதல் விளம்பரக் குப்பை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி துர்க் என்ற விற்பனைக்காரர் அனுப்பியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் புதுக் கணினியை வந்து பாருங்கள் என்று, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்குப் போனது. முகவரிகள் அதற்குரிய இடத்தில் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. திட்டும் விழுந்தது. ஆனாலும் அதனால் பல மில்லியன் டாலருக்கு வியாபாரம் ஆனது என்று அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டார். ஏன் ஆகாது? அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கணினியோடு புழங்குகிறவர்கள். அதிலும் கம்பெனிக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத மேற்குக் கரைக்காரர்களாகப் பார்த்து அனுப்பினார். கண்காட்சியும் அவர்கள் ஊர்ப் பக்கமே. குப்பைக்கே பிதாமகரான மனிதர் உங்களைவிடப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறார், தம்பி.

சரி, இப்போது என்ன செய்யலாம்? 256-ஐ விடுங்கள். பழனியில் பத்து லாட்ஜ் போதும். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். லாட்ஜ்காரருக்கு வெள்ளை பெட்ஷீட்டில் கவலை ஒன்றுதான்: ஆள் மாறுகிற ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் போட்டு வெளுத்து, கொஞ்ச நாளில் மஞ்சள் பூத்து ஓரம் பிரிந்துவிடுகிறது. எனவே முதலாளியோடு, துணி வெளுக்கிறவரிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். இரண்டு பெட்ஷீட்டைச் சும்மா கொடுத்து மற்றதோடு சேர்த்து 20 தடவை வெளுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்:

‘ஐயா, வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன், எங்களுடையது சொந்தத் தறி. போன மாதம் உங்கள் கவுண்டரில் இரண்டு வெள்ளை பெட்ஷீட் கொடுத்துவிட்டு வந்தேன். வெளுத்த பிறகு எப்படி இருக்கிறது? தைப்பூசக் கூட்டத்துக்கு வேண்டுமென்றால், கார்த்திகை கடைசிக்குள் சொன்னால் நெய்து தர முடியும். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன்.’

இதிலும் கெடு இருக்கிறது. ஆனால் தறிக்கு உண்மையிலேயே அவ்வளவு நாள் வேண்டும்.

கூட்டமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் யோசனை வந்தால், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிடிக்காதவர் 1909 என்ற நம்பரில் புகார் கொடுப்பார்.

அந்த 1,499 ரூபாய்ப் பட்டியலை வாங்கவே வாங்காதீர்கள். அதில் கண்டிப்பாக என் நம்பரும் இருக்கும். போன தீபாவளிக்கு வாங்கிய பெட்ஷீட்டே வீட்டில் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.